சுண்டைக்காய் கால் பணம், யார்டு வாடகை முக்கால் பணம்

பழைய படகு வாங்குகிறவர்களே, பணம் கைமாறிய பிறகு என்னைப் போன்ற சர்வேயரை, அதாவது படகைச் சோதித்துச் சொல்பவரை, கூப்பிடாதீர்கள். கூப்பிட்டு என்ன பயன்? போன வாரமும் அதே கதைதான். மலேசியாவின் லங்காவித் தீவில், படகுகளைப் பழுதுபார்க்கும் ஒரு யார்டில் கரையேற்றி வைத்த 36 அடி பாய்மரப் படகு, 1979-இல் கட்டியது, மேலே பளபளவென்று புதுப் பெயின்ட், விலை ஒரு பழைய மைவி கார் அளவுக்குத்தான். வாங்கியவர் ஈப்போக்காரர். "அண்ணே, சும்மா வந்து ஒரு பார்வை பாருங்க, கொஞ்சம் தேய்ச்சுப் பெயின்ட் அடிச்சாப் போதும்னு ஏஜென்ட் சொல்லிட்டாரு" என்றார். ரசீது ஏற்கெனவே அவர் பையில் இருந்தது.

படகின் மேல்தளமான டெக்கின் ஓரத்தில் கைப்பிடிக் கம்பி நிற்கிற கம்பத்தின் அடியில் ஒரு திருகைக் கழற்றினேன். ஓட்டையிலிருந்து காபி நிறத்தில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஆலன் கீயின் வளைந்த முனையை உள்ளே விட்டுச் சுழற்றி இழுத்தால் கறுப்பாக ஒரு கூழ் வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்து "இது என்னண்ணே?" என்றார். ஒரு காலத்தில் அது பால்சா என்ற லேசான மரம்.

"ஃபைபர் மக்காதே!" என்றார் உடனே.

இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆமாம், ஃபைபர் மக்காது. ஆனால் 1970, 80-களில் கட்டிய பெரும்பாலான படகுகளின் டெக் முழுக்க ஃபைபர் இல்லை. மேலே ஒரு ஃபைபர் தகடு, கீழே ஒரு ஃபைபர் தகடு, நடுவில் பால்சா மரம் அல்லது பிளைவுட். எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்க அப்படிக் கட்டினார்கள், கட்டின காலத்தில் அது நல்ல முறைதான், இப்போதும் நல்ல முறைதான். சிக்கல் ஓட்டைகளில் இருக்கிறது. கம்பம், கயிறு கட்டும் கிளீட், கயிறு இழுக்கும் விஞ்ச் என்று டெக்கில் எதைப் பொருத்தினாலும் ஓர் ஓட்டை உண்டு, ஓட்டையை அடைத்த சீலன்ட் நம்ம ஊர் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும், அப்புறம் ஒவ்வொரு மழையும் உள்ளே போகும், போனது வெளியே வர வழியே கிடையாது. மரம் மக்கி இரண்டு தகடும் தனித்தனியாகிவிட்டால் அந்த டெக்கில் பலம் என்று ஒன்றுமில்லை. தேக்கு டெக் போட்ட படகு என்றால் இன்னும் மோசம், அழகுக்காக அடித்த திருகு நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இதைச் சரிசெய்ய மேல் தகட்டை அறுத்து எடுக்க வேண்டும், மக்கியதைச் சுரண்ட வேண்டும், காயவிட வேண்டும், புது மரமோ ஃபோமோ வைத்து எபாக்ஸிப் பசையில் மறுபடி மூட வேண்டும். சின்ன ஓட்டை போட்டு ஊசியால் எபாக்ஸி ஏற்றினால் போதும் என்று யூடியூபில் காட்டுகிறார்கள். நனைந்த மரத்தில் எபாக்ஸி பிடிக்காது. ஈரத்தை உள்ளேயே வைத்து மூடி முத்திரை குத்துவதற்கு எதற்கு அவ்வளவு செலவு?

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் டெக்கைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரென்று கேட்கும், கெட்ட இடம் 'தொப் தொப்' என்று செத்த சத்தம் போடும். காதில்லாதவருக்குக்கூட வித்தியாசம் தெரியும். ஈரமானி வைத்தும் பார்க்கலாம், ஆனால் மழைக்கு மறுநாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாப் படகும் போச்சு என்று பயமுறுத்துகிற சர்வேயர்களும் இருக்கிறார்கள், என் தொழில்காரர்கள்தான், என்ன செய்ய.

வேடிக்கை என்னவென்றால், வருகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது படகின் அடிப்பக்கத்து ஃபைபரில் எழும் கொப்புளத்துக்கு. கொப்புளத்தால் மூழ்கிய படகை நான் பார்த்ததில்லை. பாய் கட்டும் மாஸ்டைத் தாங்கும் கம்பிகளைப் படகோடு பிணைக்கிற எஃகுப் பட்டைகளை யாரும் கேட்பதில்லை. டெக்குக்கு மேலே அவை பளபளக்கும், டெக்கின் தடிமனுக்குள் மறைந்திருக்கும் அந்த ஓர் அங்குலத்தில்தான் அரித்திருக்கும். உள்பக்கம் டீக்கறை மாதிரி வழிந்திருந்தால் கழற்றிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். கடல்நீர் வால்வு பித்தளையாக இருந்து, சுரண்டினால் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், பேசாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

படகு கவிழாமல் இருக்க அடியில் பொருத்திய கனமான கீலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் சீக்கி ரஃபிக்கி என்ற படகின் கீல் கழன்று நான்கு பேர் உயிர் போனது. அது 2006-இல் கட்டியது, கிழட்டுப் படகுகூட இல்லை. முன்பு தரைதட்டியதும் அப்போது செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து கீலின் பிடிப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது பிரிட்டனின் விசாரணை. அதனால்தான் "எங்காவது தரைதட்டியதா?" என்று கேட்கச் சொல்கிறேன். லங்காவிப் படகு என்றால் இன்னும் இரண்டு கேள்வி. 2004 டிசம்பரில் எங்கே நின்றது? சுனாமியில் ரெபாக், தெலாகா இரண்டு மரினாவும் அடிவாங்கின. கொரோனாவால் 2020 மார்ச்சில் மலேசிய எல்லை மூடியதிலிருந்து 2022 ஏப்ரலில் திறக்கும் வரை யார் பார்த்துக்கொண்டார்கள்? சொந்தக்காரர் வெளிநாட்டில் மாட்டிக்கொள்ள, பூட்டிய படகு மழையிலும் புழுக்கத்திலும் அப்படியே கிடந்ததுதான் நிறைய மலிவு விலைகளின் ரகசியம்.

இனி காசு. படகின் விலை செலவில் சின்னப் பங்கு. யார்டு வாடகை அடிக்கணக்கில், மாதாமாதம், நீங்கள் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஓடும். கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒரு வாரக் கடைசி வந்து தேய்ப்பவருக்கு வாடகையே படகை விழுங்கிவிடும். டெக், எஞ்சின், மாஸ்டுக் கம்பி மூன்றும் போயிருந்தால் விட்டுவிடுங்கள், தயவுசெய்து. அதே மாடலை நன்றாகப் பராமரித்த ஒருவரிடம் மூன்று மடங்கு கொடுத்து வாங்கினாலும் உங்களுக்கு மிச்சம்தான். முன்பணம் கொடுத்தாலும் "சர்வே சரியாக இருந்தால்தான் வாங்குவேன்" என்று எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் காட்டுகிற சர்வேயர் வேண்டாம், அது நானாகவே இருந்தாலும்.

வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு கெஞ்சல். பாசி, சிப்பி ஒட்டாமல் இருக்க அடிப்பக்கம் பூசிய பழைய ஆன்டிஃபவுலிங் பெயின்டை உலர்வாகத் தேய்க்காதீர்கள், தண்ணீர் விட்டுத் தேயுங்கள். ஈயமும் வெள்ளீயச் சேர்மமும் இருந்த காலத்துப் பூச்சு இன்னும் அடியில் இருக்கலாம். இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பாலியூரித்தேன் பெயின்டை ஸ்ப்ரே செய்வதாக இருந்தால் அதற்கென்று இருக்கிற சுவாசக் கருவி போட்டவரிடம் கொடுங்கள், துணி மாஸ்க் எதற்கும் உதவாது. ஆஸ்துமா வந்து தொழிலையே விட்ட பெயின்டர்களை எனக்குத் தெரியும்.

ஈப்போக்காரருக்குச் சொன்னது இதுதான்: இன்றைக்கே படகு முழுக்கத் தார்ப்பாய் போடு, காற்று போக இடம் விட்டு. ஓட்டைகளை அடைக்காதே, ஈரம் வெளியேறட்டும். பெயின்ட் வாங்காதே. கம்பங்களையெல்லாம் கழற்றி எவ்வளவு தூரம் மக்கியிருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுவை, நான் வந்து பார்க்கிறேன். கோடு மாஸ்ட் அடிவரை போயிருந்தால் விஞ்ச், பாய், எஞ்சின் பாகங்களைத் தனித்தனியாக விற்றுவிடலாம். மிச்சமிருக்கிற ஃபைபர் கூட்டை யாரும் சும்மாகூட எடுக்க மாட்டார்கள், அறுத்து அப்புறப்படுத்துகிற கூலியும் அவர் தலையில்தான்.