பிரிண்ட் போட்டால் மறைந்துவிடும் பிழை

"ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓட்டினால் சரியாக வருகிறது. ஓ2 (வேகத்துக்காக நிரலைச் செதுக்கச் சொல்லும் ஆப்ஷன்) போட்டால் தப்பாக வருகிறது. உங்கள் கம்பைலரில்தான் கோளாறு." இப்படி ஒரு மெயில் வந்தால், கம்பைலர் (நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) வேலை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் சலிப்பு வரும். தொடக்க மதிப்பு தராத மாறியோ, அரேயின் எல்லை தாண்டி எழுதியதோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அன்றும் அப்படி நினைத்து அந்த மெயிலை ஒரு வாரம் ஓரமாக வைத்துவிட்டேன். கம்பைலரிலும் பிழை இருக்கும் என்பது எனக்குத் தெரியாததா என்ன? யூட்டா பல்கலைக்கழகத்தார் சோதனை நிரல்களைத் தானாகவே எழுதித் தரும் சிஸ்மித் என்ற கருவியால் ஜிசிசி, எல்எல்விஎம் உட்படப் பல கம்பைலர்களில் 325-க்கும் மேற்பட்ட பிழைகளைப் பிடித்து 2011-லேயே எழுதியிருக்கிறார்கள்.

வந்தது மீட்டர் அளவுகளைப் படிக்கும் சின்ன நிரல். இரண்டு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி), ஒன்றுக்குள் ஒன்று. உள் லூப் ஒவ்வோர் அளவையும் படித்து 'கடைசி' என்ற மாறியில் போடும். வெளி லூப் அடுத்த சுற்றைத் தொடங்கும்போது அந்தக் 'கடைசி'யை எடுத்து ஒப்பிடும். ஓ2-வில் அது எப்போதும் 0 ஆகவே இருந்தது. என்னதான் நடக்கிறது என்று உள் லூப்பில் ஒரு பிரிண்ட் போட்டேன். பிழையைக் காணோம். பிரிண்டை எடுத்தேன், திரும்ப வந்தது.

அங்கேதான் பொறி தட்டியது. பிரிண்ட் அந்த மாறியைப் படிக்கிறது. படிக்க ஆள் இருந்தால் கம்பைலர் அதைத் தொடாது. அப்படியென்றால், மற்ற நேரங்களில் படிக்க ஆளே இல்லை என்று நினைத்து அந்த வரியைத் தூக்கிவிடுகிறது.

ஒரு மதிப்பை இனி யாராவது படிப்பார்களா என்று கணக்குப் போடுவதுதான் லைவ்னெஸ் அலசல். நிரலைக் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். லூப் இருந்தால் ஒரு தடவை பார்த்தால் போதாது. எந்த பிளாக்கிலும் (இடையில் கிளை பிரியாமல் தொடர்ந்து ஓடும் வரிகளின் தொகுதி) எதுவும் மாறாத நிலை வரும்வரை சுற்ற வேண்டும். 1973-இல் கேரி கில்டால் (சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தை எழுதிய அதே கில்டால்தான்) வகுத்துக் கொடுத்த வழி இது. இதில் தப்பு செய்தாலும் ஒரு பக்கமாகத்தான் செய்யலாம். செத்த மாறியை, அதாவது இனி யாரும் படிக்காததை, உயிரோடு இருப்பதாக நினைத்தால் ஒரு கட்டளை கூடுதலாக ஓடும், அவ்வளவுதான். உயிரோடு இருப்பதைச் செத்ததாக நினைத்தால் விடை தப்பாகும், ஒரு எச்சரிக்கைகூட வராது.

எங்கள் கம்பைலரின் குறியீட்டில் 'மாறியதா' என்று ஒரு கொடி (ஆம், இல்லை என்று மட்டும் குறித்து வைக்கும் மாறி) இருந்தது. ஒவ்வொரு பிளாக்கும் தன் முடிவை அதில் எழுதும். சேர்த்து எழுத வேண்டியதை, முந்தையதை அழித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தது. ஆக, சுற்றில் கடைசியாகப் பார்க்கும் நுழைவு பிளாக்கில் (நிரல் தொடங்கும் இடம்) மாற்றம் இல்லையென்றால் மற்றவற்றைக் கேட்காமலே அலசல் நின்றுவிடும்.

தாளில் போட்டுப் பார்த்தேன். முதல் சுற்றில், வெளி லூப்பின் தலையில் 'கடைசி' உயிரோடு இருப்பது தெரிகிறது. இரண்டாவதில் அந்தச் செய்தி உள் லூப்பின் தலைவரை வருகிறது. மூன்றாவதில்தான் மதிப்பைப் போடும் பிளாக்குக்குப் போய்ச் சேரும். ஆனால் இரண்டாவது சுற்றில் நுழைவு பிளாக்கில் எதுவும் மாறவில்லை. கடை கட்டியாயிற்று. ஒற்றை லூப்புக்கு இரண்டு சுற்றே போதும் என்பதால் எங்கள் டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருந்தன. அடுக்கு லூப்புக்கு ஒரு டெஸ்ட்கூட நாங்கள் எழுதியிருக்கவில்லை, வெட்கக்கேடு.

திருத்தம் ஒரே ஒரு எழுத்து: சமக்குறிக்கு முன்னால் ஒரு செங்குத்துக் கோடு, பழையதோடு சேர்த்து எழுது என்று பொருள். அப்புறம் டீபக் பில்டில் (பிழை தேடுவதற்கென்று நாங்கள் உருவாக்கும் பதிப்பு) ஒரு சோதனையும் சேர்த்தோம். அலசல் முடிந்ததும் இன்னொரு சுற்று சும்மா ஓட்டி, ஏதாவது மாறினால் அங்கேயே நின்று கத்தும்.

உங்களுக்கும் இப்படி வந்தால், முதலில் உங்கள் நிரலை சானிடைசர் (ஓடும்போதே நினைவகத் தவறுகள் போன்றவற்றைப் பிடிக்கும் கருவி) போட்டு ஓட்டிப் பாருங்கள். அதில் ஒன்றும் சிக்காவிட்டால் நிரலை முடிந்தவரை சுருக்கி, எந்த பதிப்பு, என்னென்ன ஆப்ஷன் என்று எழுதி அனுப்புங்கள். பிரிண்ட் போட்டதும் சரியாகிவிட்டது என்பதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். எனக்கு வந்த மெயிலின் கடைசி வரியில் அது இருந்தது. நான்தான் அதுவரை படிக்கவில்லை.