கார்பெட் விரித்தால் சத்தம் அடங்குமா?

காரை உதிரிகளாக வாங்கி வந்து (கிட் கார் என்பார்கள்) வீட்டு கராஜில் தானே கட்டி முடிப்பது பிரிட்டனில் ஒரு பழைய பைத்தியம். அது வளர்ந்ததில் வரிக்கும் பங்கு உண்டு. முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும், உதிரிகளாக வாங்கினால் வேண்டாம். 1957இல் லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் கார் இந்தச் சந்தில்தான் நிறைய வீடுகளுக்குள் நுழைந்தது. 1973இல் வாட் என்ற மதிப்புக்கூட்டு வரி வந்ததும் சலுகை போய்விட்டது. செவனைத் தயாரிக்கும் உரிமையும் அதே ஆண்டு கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. கட்டுகிறவர்கள் மட்டும் நிறுத்தவில்லை. இப்போது அவர்களுக்குப் பிடித்தவற்றில் ஒன்று, 1962இல் வந்த ஏசி கோப்ராவின் நகல்: இரும்புக் குழாய்ச் சட்டம், ஃபைபர்கிளாஸ் உடல், முன்னால் ஒரு வி8 எஞ்சின்.

இப்படிக் கட்டிய காரை முதன்முதலாகச் சாலைக்கு எடுத்தால் சத்தம் காதைப் பிய்க்கும். எஞ்சின் உறுமல், கியர்பாக்ஸ் முனகல், டயர் தெறித்த பொடிக்கல் தரையில் அடிக்கும் ஓசை எல்லாம் சேர்ந்து வரும். உடனே தோன்றுவது, நல்ல தடிமனான கார்பெட் போட்டால் சரியாகிவிடும் என்பது. ஆகாது. சத்தத்தை அடக்கும் சாமான்களில் மிகக் குறைவாக வேலை செய்வது கார்பெட்தான். கண்ணுக்குத் தெரிவதும் அது ஒன்றுதான் என்பதால் முழுப் பெயரையும் அதுவே தட்டிக்கொண்டு போகிறது.

ஒலியை உறிஞ்சும் பொருள் எதுவானாலும், தன் தடிமனைப் பார்த்துத்தான் வேலை செய்யும். ஓர் ஒலியலையை நன்றாக விழுங்க, அதன் அலைநீளத்தில் கால்பங்கு தடிமன் வேண்டும். பத்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது நடக்கும். நான்கு ஸ்ட்ரோக் வி8 எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு வெடிப்பு. நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் வினாடிக்கு 200 வெடிப்பு, அதாவது 200 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் சுமார் 1.7 மீட்டர், கால்பங்கு 43 சென்டிமீட்டர். கார்பெட்டும் அடியில் போடும் ஃபெல்ட்டும் சேர்ந்தாலும் 2 சென்டிமீட்டர்தான். எஞ்சினின் உறுமலுக்கு அப்படியொரு கார்பெட் இருப்பதே தெரியாது. கியர் கீச்சிடுவது, டயரின் ‘ஸ்ஸ்’ போன்ற 2000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஓசைகளை அது ஓரளவு விழுங்கும். அதுவும் உள்ளே வந்துவிட்ட ஓசை அங்கேயே எதிரொலித்துத் திரியாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

சரி, உறுமல் எந்த வழியாக வருகிறது? ஒரு வழி தகடுகள். எஞ்சினும் சாலையும் குலுக்கும் குலுக்கலில் தரைத் தகடும் கியர்பாக்ஸை மூடியிருக்கும் டனல் தகடும் ஒலிபெருக்கித் திரை மாதிரி அதிர்ந்து தாங்களே ஒலியெழுப்புகின்றன. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தால் எந்தத் தகடு குற்றவாளி என்று தெரிந்துவிடும். ‘டங்ங்ங்’ என்று இழுத்தால் அதுதான். ‘டொக்’ என்று நின்றால் விட்டுவிடலாம். ஃபைபர்கிளாஸ் பெரும்பாலும் ‘டொக்’ ரகம், ஏனென்றால் இழையும் பிசினுமான அந்தக் கலவை அதிர்வைத் தனக்குள்ளேயே கொஞ்சம் தின்றுவிடும். அலுமினியத்தில் அந்தக் குணம் கிடையாது.

இழுக்கும் தகட்டுக்கு வைத்தியம் பியூட்டைல் ஷீட். சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனில் பிசுபிசுப்பான ரப்பர், அதன் முதுகில் மெல்லிய அலுமினிய ஃபாயில். அதன் எடைதான் அதிர்வை அமுக்குகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. தகடு வளையும்போது ரப்பரின் அடிப்பக்கம் அதோடு போகும், மேல்பக்கம் நீள மறுக்கும் ஃபாயிலோடு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிய ரப்பர் ஒவ்வொரு அதிர்வுக்கும் சறுக்கிப் பிசையப்பட்டு, அதிர்வின் ஆற்றல் வெப்பமாகிவிடும். பித்தளைக் குடத்தைத் தட்டியதும் உள்ளங்கையை வைத்தால் நாதம் செத்துவிடுகிறதே, அதே கதைதான். ஃபாயில் இல்லாத வெறும் ரப்பர் இவ்வளவு வேலை செய்யாது.

இதனால் ஒரு லாபம் உண்டு. தகட்டின் விளிம்பு சட்டத்தில் ரிவெட் அடித்து நிற்கிறது, அதிகம் ஆடுவது நடுப்பகுதி. எனவே மூலை முடுக்கெல்லாம் ஒட்டத் தேவையில்லை. நடுவில் கால்பங்கிலிருந்து பாதிவரை ஒட்டினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். ஷீட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ கனக்கும். அதைக் கார் முழுக்கச் சுவரொட்டி போல ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் காசை நினைத்தும் எடையை நினைத்தும் வயிறு எரியும். ஒட்டுவதற்கு முன் தகட்டை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பிரிட்டிஷ் குளிரில் ரப்பர் விறைத்துக்கொள்ளும், ஹீட் கன்னால் சூடு காட்டி, சிறிய உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி நின்றால் அந்த இடத்தில் ஒட்டியதற்கு அர்த்தமே இல்லை. கூரை ஒழுகலுக்கு விற்கும் தார் ஷீட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை ஒட்டினால், எக்ஸாஸ்ட் சூட்டில் இளகி வழிந்து நாறும்.

இரண்டாவது வழி காற்று. எஞ்சின் அறையின் ஒலி, அதற்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள தடுப்பான ஃபயர்வாலைத் தாண்டி நேராகக் காலடிக்கு வரும். இதைத் தடுக்க எடைதான் வேண்டும், தந்திரம் எதுவும் பலிக்காது. தடுப்பின் எடை இரட்டித்தால் சுமார் 6 டெசிபல் குறையும். கம்பெனியே கட்டி விற்கும் கார்களின் 0.8 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 6.3 கிலோ. கிட் கார்களில் வரும் 1 மில்லிமீட்டர் அலுமினியம் 2.7 கிலோதான். கணக்குப் போட்டால் அங்கேயே சுமார் 7 டெசிபல் நஷ்டம். 10 டெசிபல் ஏறினால் காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படும் என்பதை வைத்துப் பார்த்தால், கம்பெனிக் காரோடு போட்டி போடுவது ஏன் கஷ்டம் என்று புரியும்.

இதற்காகவே கன வினைல் விற்கிறார்கள். சதுர மீட்டருக்கு 5 கிலோ, தொளதொளவென்று தொங்கும். அதைத் தகட்டோடு நேராக ஒட்டாமல், நடுவில் நீர் குடிக்காத மூடிய துளை ஃபோம் வைத்துப் போடுவது நல்லது. தகட்டின் அதிர்வு வினைலுக்கு எளிதில் ஏறாது. அப்புறம் மழைக்கும் அதுதான் பொருத்தம். கோப்ரா கூரையில்லாத கார். சாதாரண ஸ்பான்ஜ் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டால் அடியில் இரும்புக் குழாய் துருப்பிடிக்கும். ஃபயர்வாலின் எஞ்சின் பக்கமோ ஸ்பான்ஜை நினைத்தே பார்க்கக் கூடாது. எண்ணெயும் பெட்ரோலும் ஊறினால் தீக்கு அதுவே விருந்து.

இதையெல்லாம் ஒட்டுமொத்தமாகத் தோற்கடிப்பது ஓட்டை. தடுப்பின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி எவ்வளவு உறுதியாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் குறையாது. அரை சதுர மீட்டர் ஃபயர்வாலில் நூற்றில் ஒன்று என்பது ஏழுக்கு ஏழு சென்டிமீட்டர் ஓட்டை. பெடல்களின் பிளவு, ஸ்டியரிங் தண்டு, ஒயர் கட்டு, ஹீட்டர் குழாய் ஆகியவற்றைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கூட்டினால் சாதாரணமாக அதைத் தாண்டிவிடும். ஒரு கிலோகூட எடை ஏறாமல் ரப்பர் வளையமும் (கிராமெட்) தண்டைச் சுற்றிய ரப்பர் உறையும் (பூட்) அடைப்புப் பசையும் (சீலன்ட்) செய்கிற வேலையை 15 கிலோ வினைல் செய்யாது. கிட் காரில் முதல் காசு இங்கேதான் போக வேண்டும் என்பேன்.

செவன் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். மொத்தக் காரே 500 கிலோவை ஒட்டித்தான். அதில் 25 கிலோ ஏற்றினால் இருபதில் ஒரு பங்கு. சாப்மன் ஒவ்வொரு கிராமையும் செதுக்கி எடுத்த காருக்கு அது அடுக்காது. தவிர, திறந்த காரில் நெடுஞ்சாலை வேகத்தில் காற்றின் இரைச்சல் மற்றதையெல்லாம் மூடிவிடும். ஃபயர்வாலுக்குச் செய்த செலவின் பலன் ஊருக்குள்ளும் நடுத்தர வேகத்திலும்தான் தெரியும். கோப்ராவில் இன்னொரு காரணமும் சேர்கிறது, அது சூடு. டனலுக்கும் காலடிக்கும் பக்கத்தில் எஞ்சினும் எக்ஸாஸ்ட்டும் ஓடுவதால் ஃபோமும் ஃபாயிலும் ஓட்டுபவரின் காலைக் காப்பாற்றுகின்றன.

கார்பெட் கடைசி. பழுப்புத்தாளில் அச்சு வெட்டிப் பார்த்து, கார்பெட்டைப் பின்புறத்திலிருந்து கத்தியால் வெட்டி, ஓரத்துக்குப் பட்டை தைத்துக்கொள்ள வேண்டும். பக்கங்களுக்கும் டனலுக்கும் சூடு தாங்கும் கான்டாக்ட் பசை போதும். இரு பக்கமும் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து சேர்க்க வேண்டும், சாதாரண ஸ்பிரே பசை கோடையில் விட்டுவிடும். தரைத் துண்டுகளை ஒட்டவே வேண்டாம். பிரஸ் பட்டன் வைத்தால் நனைந்தபோது கழற்றிக் காயவைக்கலாம், சீட் போல்ட்டும் கைக்கு எட்டும்.