கல்லூரி வாசலில் சிபில் எதற்கு?

போன வாரம் ஒரு பொறியியல் கல்லூரித் தாளாளர் போன் செய்தார். "சார், அட்மிஷன் போடும்போதே பையனோட சிபிலைப் பார்த்துட்டா என்ன? நாலு வருஷமும் ஃபீஸ் ஒழுங்கா கட்டுவாங்களான்னு தெரிஞ்சுடுமே?" சிபில் என்பது கடன் தகவல் நிறுவனம் ஒன்றின் பெயர். வாங்கிய கடனை ஒருவர் எப்படிக் கட்டினார் என்று அது தரும் அறிக்கையையும் ஸ்கோரையும்கூட சிபில் என்றே சொல்கிறோம். வங்கியில் கல்விக் கடன் மேசையில் இருபது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார். இந்த சேர்க்கைக் காலத்தில் இதே கேள்வியோடு வந்த மூன்றாவது ஆள் இவர். இனியும் ஒவ்வொருவருக்காகப் போனில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஏது சிபில்? பதினெட்டு நிரம்பாதவர் போடும் கடன் ஒப்பந்தமே செல்லாது. பிறகு எங்கிருந்து வரும் கடன் வரலாறு? ஆக, இவர்கள் பார்க்க நினைப்பது அப்பாவின் சிபிலை. அதைக் கல்லூரி அலுவலகம் நினைத்தபோது எடுத்துவிட முடியாது. யார் யார் பார்க்கலாம் என்று 2005ஆம் ஆண்டுக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் வரையறுத்திருக்கிறது. "நீங்களே டவுன்லோடு செய்து கொண்டுவாருங்கள்" என்று பெற்றோரிடம் கேட்பதுதான் மிச்சம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இதில் என்னை மிகவும் வருத்துவது, ஸ்கோர் குறைந்தால் ஆள் நாணயமில்லாதவர் என்ற முடிவு. 300இலிருந்து 900 வரை போகும் அந்த எண், கடன் கணக்குகள் எப்படி ஓடின என்பதை மட்டும் சொல்லும். ஏன் அப்படி ஓடின என்பது அதற்குத் தெரியாது. கடனே வாங்காமல் கைக்காசில் வாழ்ந்தவருக்கு ஸ்கோரே இருக்காது. ஆஸ்பத்திரிச் செலவால் மூன்று தவணை தவறியவருக்கும், வேண்டுமென்றே கட்டாதவருக்கும் அறிக்கையில் ஒரே மாதிரிதான் விழும்.

ஒரு லாரி டிரைவர், மகளின் நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்டு என்னிடம் வந்திருந்தார். ஸ்கோர் மோசம். அறிக்கையை வரிவரியாகப் பார்த்தேன். பைக் கடன் ஒரு தவணை பிசகாமல் முடிந்திருந்தது. கீழே இன்னொரு வரியில் ஒரு வாகனக் கடன், வசூலாகாது என்று எழுதித் தள்ளிய கணக்கு. காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "மச்சான் வண்டி எடுத்தான் சார். நான் ஜாமீன் கையெழுத்துதான் போட்டேன்." ஜாமீன் போட்டவர் பெயரிலும் கடன் ஏறும் என்று அதுவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் செய்த தவறு என்ன?

வங்கியே இந்த இடத்தில் நிதானிக்க வேண்டும் என்பதுதான் நீதிமன்றத்தின் நிலை. பெற்றோரின் ஸ்கோரைக் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது, படித்து முடித்து மாணவர் அடைக்க முடியுமா என்பதைப் பார்க்க வேண்டும் என்று 2020இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. மாணவரின் ஸ்கோரே குறைவாக இருந்த வழக்கிலும் 2023இல் மாணவர் பக்கமே நின்றது. முதல்முறை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்பதற்காகவே திருப்பி அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2025 ஜனவரி வழிகாட்டுதல். கடன் கொடுப்பவருக்கே இத்தனை கட்டுப்பாடு இருக்கும்போது, பாடம் நடத்துபவருக்கு இது எதற்கு?

"அமெரிக்காவில் பார்க்கிறார்களே" என்றார் தாளாளர். அங்கே வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது கடன் நடத்தையையும் பார்ப்பது உண்மை. 2011இல் ஒஹாயோ உச்ச நீதிமன்றம், கல்விக் கடனை அடைக்க வழி காட்டாத ஒருவரை வழக்கறிஞர் தேர்வெழுத விடவில்லை. படிப்பதற்காக வாங்கிய கடனே தொழிலுக்குள் நுழையத் தடையாக நின்றால், அந்தக் கடனை அவர் எதை வைத்து அடைப்பார்?

சரி, சிபில் முக்கியமே இல்லையா? முக்கியம்தான், படிப்பை முடித்து வெளியே வரும்போது. பாரத ஸ்டேட் வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம் கடன் வரலாற்றால் ரத்தானதை 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் சரி என்றது. விண்ணப்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் அடைத்துவிட்டேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. என்னிடம் வந்த ஒரு பையன், ரூம்மேட்டுக்காகத் தன் பான் கார்டில் செல்போன் இஎம்ஐ போட்டுக் கொடுத்திருந்தான். பாக்கி 1,840 ரூபாய். வங்கித் தேர்வில் பாஸான பிறகுதான் அவனுக்கே அது தெரியவந்தது.

அதனால் பிள்ளைகளே, நண்பனுக்காக உங்கள் பெயரில் எதையும் தவணையில் வாங்காதீர்கள். பான் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்பதும் கடன்தான், அறிக்கையில் ஏறும். பாதி கட்டினால் போதும், செட்டில் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மகிழ்ந்துபோகாதீர்கள். கணக்கு 'முடிந்தது' என்றில்லாமல் 'செட்டில்டு' என்றுதான் பதிவாகும், அது கறைதான். முழுதும் கட்டி, நிலுவை இல்லை என்று கடிதம் வாங்குங்கள். கல்விக் கடன் தள்ளுபடியாகும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பெற்றோர் இணைக் கடன்தாரர். நீங்கள் தவறினால் அவர்கள் அறிக்கையிலும் விழும்.

சிபில் ஒன்று மட்டுமல்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் என்று மொத்தம் நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்றாம் ஆண்டிலேயே எடுத்துப் பாருங்கள். பிழை இருந்தால் உடனே புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.

முதலாண்டு மாணவர்களோடு பேச ஒரு மணி நேரம் தாளாளரிடம் கேட்டிருக்கிறேன். பெற்றோரையும் வரச் சொல்லுங்கள் என்றேன். தேதி பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.