சாயம் ஏற்றாமல் செல்லை அளக்க ஒரே ஒரு படம்

உயிருள்ள செல்களை மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அவற்றில் பெரும்பகுதி தண்ணீர். ஒளி அப்படியே ஊடுருவிப் போய்விடும். அதற்காகத்தான் சாயம் ஏற்றுகிறார்கள். ஆனால் ஒளிரும் சாயம் போகப்போக மங்கும், அதை ஒளிரவைக்கப் பாய்ச்சும் வெளிச்சமே செல்லுக்குக் கெடுதல்.

சாயம் வேண்டாமென்றால், செல்லைக் கடக்கும் ஒளி எவ்வளவு தாமதமாகிறது என்று அளக்கலாம். ரத்தச் சிவப்பணுவின் தடிமன் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதன் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள திரவத்தைவிட ஏறக்குறைய 0.06 அதிகம். இரண்டையும் பெருக்கினால் தாமதம் 120 நானோமீட்டர், அதாவது பச்சை ஒளி அலையில் கிட்டத்தட்டக் கால்வாசி. இந்தத் தாமதத்தை வெளிச்ச வேறுபாடாக மாற்றிக் காட்டிய டச்சு இயற்பியலாளர் ஸெர்னிக்கேவுக்கு 1953-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் முறையில் செல் பளிச்சென்று தெரியும், ஆனால் தாமதம் எத்தனை நானோமீட்டர் என்று நேரடியாகச் சொல்ல முடியாது. அந்த எண் கிடைத்தால் செல்லிலுள்ள தண்ணீர் நீங்கலான பொருள்களின் எடையையே கணக்கிடலாம்.

கேமராவுக்கோ வெளிச்சம் மட்டும்தான் தெரியும். எனவே செல்லைக் கடந்த ஒளியோடு கடக்காத ஒளியைக் கலந்து குறுக்கீடு உண்டாக்க வேண்டும், அதாவது இரண்டு ஒளி அலைகளும் சேர்ந்து வெளிச்சமும் இருட்டுமான வரிகளாக விழ வேண்டும். அப்போதும் ஒவ்வொரு புள்ளியிலும் பின்னணி வெளிச்சம், வரிகள் எவ்வளவு துலக்கம், தாமதம் என்று மூன்று தெரியாத அளவுகள். ஒரு படம் போதாது. கடக்காத ஒளியைக் கால் அலை கால் அலையாக நகர்த்தி நான்கு படம் எடுப்பார்கள். சிவப்பணுவின் சவ்வு அதுவரை சும்மா இருக்குமா? அது பத்துக்கணக்கான நானோமீட்டர் நடுங்கிக்கொண்டே இருப்பது. நான்கு படமும் நான்கு வெவ்வேறு செல்லைக் காட்டும்.

தீர்வு எளிமையானது: கடக்காத ஒளியைச் சற்றே சாய்த்து அனுப்புவது. படம் முழுக்க நெருக்கமான வரிகள் விழும். தாமதம் மாறும் இடங்களில் அவை வளையும். ஃபூரியே உருமாற்றம் (படத்தை அதிலுள்ள வரிகளின் நெருக்கத்தை வைத்துப் பிரிக்கும் கணக்கு) செய்தால் அந்த வளைவு தனியே பிரிந்து வந்துவிடும். ஒரு படம் போதும், இனி வேகம் கேமராவின் வேகம்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் சில பிக்சல்கள் செலவாகும், அந்த அளவுக்குப் பார்வைப் பரப்பு சுருங்கும். எனக்கென்னவோ நியாயமான பேரமாகத்தான் படுகிறது.

இப்படிக் குறுக்கீடு உண்டாக்கப் பொதுவாக லேசர் வேண்டும். அது இல்லாமலும் வழி உண்டு. செல்லை இடம், வலம், மேல், கீழ் என ஒவ்வொரு பக்கமிருந்தும் தனித்தனியாக ஒளியூட்டினால், படங்களின் வித்தியாசத்திலிருந்து தாமதத்தின் சரிவு கிடைக்கும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் லாரா வாலரின் குழு, திசைகளைச் சிவப்பு, பச்சை, நீல நிறங்களில் பிரித்து ஒரே நேரத்தில் ஒளியூட்டிக் காட்டியது. வண்ணக் கேமரா ஒரே கிளிக்கில் மூன்று நிறப் படங்களையும் பிடித்துவிடும். நிபந்தனை ஒன்றுதான்: செல்லுக்கு நிறம் இருக்கக் கூடாது. ஹீமோகுளோபின் நீலத்தை நன்றாக விழுங்கும் என்பதால், சிவப்பணுவுக்கு இது தோதுப்படாது.