கள்ளச்சாவி போடும் கட்டி

நுரையீரலில் ஒரு புற்றுநோய்க் கட்டி. எலும்புக்குப் பரவவே இல்லை. ஆனாலும் எலும்பு கரைகிறது, ரத்தத்தில் கால்சியம் எகிறுகிறது. எப்படி?

உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பது சொற்பம். டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம். அது குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஒரு ஹார்மோனை அனுப்பும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். சிறுநீரில் கால்சியம் வீணாகாமல் தடுத்து, பாஸ்பேட்டை மட்டும் வெளியே தள்ளும். அளவு சரியானதும் சுரப்பு அடங்கிவிடும்.

1941-இல் அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட்டை உறுத்தியது அந்தப் பாஸ்பேட்தான். சிறுநீரகப் புற்றுநோயாளி ஒருவருக்குக் கால்சியம் ஏறியிருந்தது, பாஸ்பேட்டோ இறங்கியிருந்தது. எலும்பில் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தே இருப்பதால், கட்டி எலும்பை வெறுமனே அரித்தால் இரண்டும் சேர்ந்தல்லவா ஏற வேண்டும்? அப்படியானால் கட்டியே பாராதைராய்டு ஹார்மோன் மாதிரி எதையோ சுரக்கிறது என்று ஊகித்தார். அந்தப் பொருள் 1987-இல்தான் பிடிபட்டது. பெயர் பி.டி.எச்.ஆர்.பி., அதாவது பாராதைராய்டு ஹார்மோனை ஒத்த புரதம். அதன் முதல் 13 அமினோ அமிலங்களில் 8, அசல் ஹார்மோனில் உள்ளவையேதான். செல்களில் அசல் ஹார்மோன் பொருந்தும் இடத்தை ஒரு பூட்டு என்றால், அதில் நுழைய இந்த ஒற்றுமை போதும்.

இது புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடித்த சாவியும் அல்ல. கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயிடமிருந்து கால்சியம் போய்ச் சேர உதவுவதே இந்தப் புரதம்தான். கட்டி அதை அளவில்லாமல் சுரக்கிறது. கால்சியம் ஏறியதும் பாராதைராய்டு வாயை மூடிக்கொள்கிறது, கட்டி மூடுவதில்லை. அதனால்தான் பரிசோதனையில் இவர்களுக்கு அசல் ஹார்மோன் குறைவாகவே இருக்கும். புற்றுநோயால் கால்சியம் ஏறுபவர்களில் சுமார் 80 சதவீதத்தினருக்கு இதுவே காரணம்.

மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கட்டி எலும்புக்குள்ளேயே குடியேறிவிடுகிறது. எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் நல்ல உதாரணம். அங்கேயும் புற்றுச்செல் எலும்பைத் தானே தின்பதில்லை. பழைய எலும்பை அரிப்பதற்கென்றே உடல் வைத்திருக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகிறது. அப்புறம், சில லிம்போமாக்கள் (நிணநீர் மண்டலப் புற்றுநோய்கள்) செயலூக்கம் பெற்ற வைட்டமின் டி-யைத் தயாரித்து, குடலைக் கூடுதல் கால்சியம் உறிஞ்ச வைக்கும். இது அபூர்வம்.

சரி, சிறுநீரகம் மிச்சத்தை வெளியே கொட்டக் கூடாதா? வம்பே அங்குதான். கால்சியம் ஏறினால் சிறுநீரகத்துக்கு நீரைத் தக்கவைக்கும் திறன் போய்விடும். சிறுநீர் ஏராளமாகப் போகும், தாகம் எடுக்கும், ஆனால் குமட்டலால் குடிக்க முடியாது. உடல் வறண்டதும் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்கப் பார்க்கும். உப்போடு கால்சியமும் திரும்ப ரத்தத்துக்கே வந்துவிடும். மலச்சிக்கல், அசதி, குழப்பம் எல்லாம் சேர்ந்துகொள்ளும். புற்றுநோயின் களைப்பு என்று இதை எளிதில் விட்டுவிடுவார்கள்.

பாலை நிறுத்தினால் போதுமா என்று பலர் கேட்பதுண்டு. பெரும்பாலும் பயனில்லை, வருவது எலும்பிலிருந்தல்லவா! முதலில் நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றுவார்கள். கூடவே ஆஸ்டியோகிளாஸ்ட்டை அடக்கும் சோலட்ரோனிக் அமிலம் போன்ற மருந்து. அது வேலை செய்ய இரண்டு மூன்று நாளாகும். அதுவரை உப்புநீர்தான் தாக்குப்பிடிக்க வைக்கும்.