வியூஃபைண்டர் எதைத் தேடுகிறது?

தனுஷ்கோடியில் பூநாரை பார்க்கப் போன இடத்தில் ஒரு தம்பி கேமராவை என் கையில் கொடுத்து, "அண்ணே, காட்சித்தேடியில கண்ண வச்சுப் பாருங்க" என்றான். கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துளை இருக்கிறதே, வியூஃபைண்டர், அதற்குக் கட்டிய தமிழ்ச் சொல் அது. இந்தச் சொல்லை நான் சந்திப்பது இது நாலாவது முறை. முதலில் பார்த்தது ஒரு பயிற்சி வகுப்பில் கொடுத்த அச்சுத்தாளில். "அது எதைத் தேடுது தம்பி?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான்.

பிறப்புக் கதை சின்னதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேமரா முக்காலியிலிருந்து இறங்கிக் கைக்கு வந்தது. பின்பக்க மங்கல் கண்ணாடியில் துணி போர்த்திக் குனிந்து பார்க்க இனி வழியில்லை. எவ்வளவு காட்சி படத்தகட்டில் விழும் என்று காட்ட ஒரு சின்ன துணைவில்லையைப் பொருத்தினார்கள். 'வியூ' காட்சி, 'ஃபைண்டர்' கண்டுகொள்ள உதவுவது.

சரி, 'தேடி' எங்கிருந்து வந்தது? 'ஃபைண்ட்' என்பது கண்டடைவது. தேடுவதற்கு ஆங்கிலத்திலேயே வேறு சொல் இருக்கிறது. தேடுவது எல்லாம் கிடைத்துவிடுமா? விடியுமுன் அரிச்சல்முனை வரை போய் ஒரு பறவையும் காணாமல் திரும்பியவனைக் கேளுங்கள். அப்படியே பார்த்தாலும் தேடுகிறவன் நான். கருவி சும்மா என் கண்முன் இருக்கிறது. தேடுபொறி நிஜமாகவே தேடுகிறது, அந்தப் பெயர் அதற்குத் தகும். 'காட்சி கண்டுபிடிப்பான்' என்று இயந்திர மொழிபெயர்ப்பு தருவதையும் பார்த்தேன். பொருளில் அது பரவாயில்லை. ஆனால் யாரோ விஞ்ஞானியைக் கூப்பிடுவதுபோல இருக்கிறது. அகராதியைத் திறப்பவர்கள் ஒருமுறை கேமராவையும் திறந்து பார்த்தால் என்ன?

பார்த்திருந்தால் கருவியே மாறிவிட்டது தெரிந்திருக்கும். உள்ளே ஆடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவில் அந்த ஆடியும் பட்டகமும் (பிரிசம்) எதிரே இருப்பதை மட்டும் காட்டும். எடுத்த படத்தைப் பார்க்கப் பின்பக்கத் திரைக்குத்தான் வர வேண்டும். வாலிநோக்கம் உப்பளத்தில் உச்சிவெயிலில் அந்தத் திரையைப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்புப் பலகை. துண்டை முக்காடு போட்டுக்கொண்டு பார்ப்போம். 2008இல் பானசோனிக் ஜி1 தொடங்கி வந்த, ஆடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் கண் வைக்கும் துளைக்குள்ளேயே ஒரு குட்டித் திரை இருக்கிறது. எடுத்த படமும் அதற்குள்ளேயே வருகிறது. எடுத்து முடித்த படத்தில் அது எதைத் தேடும்?

இதில் இன்னும் செய்ய நிறைய இருக்கிறது. 2020இல் வந்த சோனி ஏ7எஸ்3இன் குட்டித் திரையில் சுமார் 94.4 லட்சம் புள்ளிகள். மூன்று புள்ளி சேர்ந்தால்தான் ஒரு பிக்சல். ஆக ஏறக்குறைய 31 லட்சம். நாலரைக் கோடி பிக்சல் படம் எடுக்கும் கேமராவில் இதே அளவுத் திரை இருந்தாலும், பறவையின் கண் கூர்மையாக விழுந்ததா என்று பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். அதற்குள் கூட்டம் பறந்துவிடும். எடுத்த படம் மூலையில் சின்னதாக நிற்க, நடப்பது நடுவில் ஓடிக்கொண்டே இருந்தால் நன்றாயிருக்கும். கூர்மை தப்பிய படத்தைக் கேமராவே ஒதுக்கிக் காட்டலாம். கண்பார்வையால் குவியப்புள்ளியை, அதாவது எந்த இடம் கூர்மையாக விழ வேண்டும் என்பதை, தேர்வதை கேனன் 1992இலேயே இஓஎஸ் 5இல் செய்தது, 2021இல் ஆர்3இல் திரும்பக் கொண்டுவந்தது. அதே பார்வையால் படங்களையும் புரட்ட விட்டால் பொத்தானைத் தடவ வேண்டாம்.

இவ்வளவுக்கும் பொருந்தும் சொல் நம்மிடமே இருக்கிறது: தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் படநோக்கி. எடுக்கப்போகும் படத்தையும் எடுத்த படத்தையும் நோக்கலாம். 'கடலை நோக்கி' என்பதோடு குழம்பாதா என்றார் ஒரு நண்பர். தொலைநோக்கியில் யார் குழம்பினார்கள்? வாலிநோக்கம் ஊர்ப்பெயரிலேயே அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறதே. 'பார்' வைத்துக் கட்டலாம் என்றார் அடுத்து. நம் கரையில் பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு, முத்துப்பார். அதை விட்டுவிடலாம். வெறும் கண்ணாடிச் சன்னல் வைத்த பழைய கேமராக்களில் படம் எங்கே விழுகிறது என்று கேட்டால் மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை.

பாம்பன் பாலத்தில் கல்யாண ஜோடியை நிறுத்திப் படம் எடுக்கிறவர்கள் காட்சித்தேடி, படநோக்கி இரண்டையும் சொல்வதில்லை. "வியூல பாரு" என்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வியூஃபைண்டர் என்றே சொல்லுங்கள். தேடி என்றால்தான் கோபம் வருகிறது.