பாரிஸ் மியூசியம் பாஸ்: பத்துப் பன்னிரண்டு பேராகப் போனால் கவனிக்க வேண்டியவை

குழுவாகப் பாரிஸ் கிளம்புகிறவர்கள் விமான டிக்கெட், ஹோட்டல் வேலை முடிந்த கையோடு தலைக்கு ஒரு மியூசியம் பாஸும் (பல மியூசியங்களுக்கும் நினைவிடங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டு) வாங்கி வைத்துவிடுகிறார்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பாஸ் என்பது நுழைவுக் கட்டணம் கட்டியாகிவிட்டது என்பதற்கான அத்தாட்சி மட்டும்தான். எந்த நேரத்தில் உள்ளே விடுவார்கள் என்பது தனிக் கணக்கு. லூவர் மியூசியம், ஊருக்கு வெளியே இருக்கும் வெர்சாய் அரண்மனை, சேன்ட் ஷப்பெல் தேவாலயம் ஆகிய மூன்றுக்கும் பாஸ் கையில் இருந்தாலும் நேரம் முன்பதிவு செய்தாக வேண்டும். அந்த முன்பதிவுக்குப் பணம் கிடையாது, ஆனால் இடம் குறைவு. இரண்டு பேருக்குக் கடைசி நேரத்திலும் எங்காவது ஒரு நேரம் அகப்படும். பன்னிரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் அகப்படுவது கடினம். அதனால் லூவரில் உங்கள் எண்ணிக்கைக்கு எந்த நாள், எந்த மணி காலியாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அது தெரிந்த பிறகு பாஸ் வாங்கலாம். ஒரே நேரம் கிடைக்காவிட்டால் ஆறு ஆறு பேராகப் பிரிந்து அடுத்தடுத்த நேரங்களில் பதிவு செய்வதே நல்லது. தாமதமாக வருகிற ஒருவருக்காக மற்ற பதினொரு பேரும் வாசலில் காத்து நிற்கும் நிலையும் இதனால் குறையும்.

அடுத்தது கடிகாரம். இந்தப் பாஸ் 48, 96, 144 மணி நேரம் என மூன்று வகையில் கிடைக்கிறது. முதல் மியூசியத்தில் ஸ்கேன் ஆன நொடியிலிருந்து மணி ஓடத் தொடங்கும், நடுவில் நிறுத்த முடியாது. வார விடுமுறையைப் பார்க்காமல் தொடங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 48 மணி நேரப் பாஸை ஞாயிறு மதியம் 3 மணிக்கு முதல்முறை பயன்படுத்துகிறீர்கள். திங்கள்கிழமை ஓர்சே மியூசியமும் வெர்சாய் அரண்மனையும் விடுமுறை. செவ்வாய்க்கிழமை லூவர் விடுமுறை, ஓரஞ்சரி மியூசியமும் மூடியிருக்கும். செவ்வாய் 3 மணிக்குப் பாஸ் முடிந்துவிடும். பார்க்க வேண்டும் என்று வந்த பெரிய இடங்களில் பாதி பூட்டிய கதவோடு போய்விடும்.

அதே 48 மணி நேரத்தைப் புதன் மதியம் 2 மணிக்கு லூவரில் தொடங்கிப் பாருங்கள். புதன்கிழமை லூவர் இரவு 9 வரை திறந்திருக்கும். வியாழன் காலை வெர்சாய். அன்று ஓர்சே இரவு 9.45 வரை உண்டு என்பதால் திரும்பி வந்து மாலையை அங்கே வைத்துக்கொள்ளலாம். வெள்ளி காலை சேன்ட் ஷப்பெல், அதை ஒட்டியே கான்சியர்ஜெரி என்ற பழைய சிறைச்சாலை. 2 மணிக்குள் இரண்டையும் நிதானமாக முடிக்கலாம். கொடுத்த பணம் அதேதான், ஆனால் ஐந்து இடங்கள் கையில்.

ஒருவருக்கு ஒரு பாஸ். ஒருவர் உள்ளே போய்விட்டு வந்து இன்னொருவரிடம் மாற்றிக் கொடுக்க முடியாது. அட்டையாக வாங்கினால் பெயரும் தேதியும் எழுத வேண்டும்; பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மின்வடிவில் வாங்கினால் ஒவ்வொருவருக்கும் தனி க்யூஆர் வரும். குழுத் தலைவரின் ஒரே போனில் பன்னிரண்டையும் அடைத்து வைக்கும் பழக்கம் ஆபத்தானது. சார்ஜ் இறங்கினால் மொத்தக் குழுவும் வாசலோடு நின்றுவிடும். அவரவர் போனுக்கு அனுப்பிவிட்டு, ஒரு காகித நகலும் வைத்துக்கொள்ளுங்கள். நேர முன்பதிவுச் சீட்டும் பாஸும் வெவ்வேறு. வாசலில் இரண்டையும் கேட்பார்கள்.

எல்லோருக்கும் வாங்கத் தேவையும் இல்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு லூவர், ஓர்சே, வெர்சாய் போன்ற இடங்களில் நுழைவு இலவசம், எந்த நாட்டவராக இருந்தாலும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் தங்கிப் படிக்கும் 26 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் அப்படியே. வசிப்பிட அட்டையைக் காட்ட வேண்டும். இவர்களுக்கும் பாஸ் வாங்குவது வீண்செலவு. ஆனால் இலவசம் என்பதற்காக நேரம் பதிவு செய்யாமல் விட்டுவிடாதீர்கள். பெற்றோருக்கு மட்டும் பதிவு செய்துவிட்டுக் குழந்தையோடு போய் நிற்பது அடிக்கடி நடக்கிற தவறு.

வயதானவர்களுக்கும் தனியாகக் கணக்குப் போடுங்கள். வெற்றி வளைவின் (ஆர்க் டி ட்ரியோம்ஃப்) மாடிக்கு 284 படிகள். சேன்ட் ஷப்பெலின் மேல்தளத்துக்குக் குறுகலான சுழல் படிக்கட்டு. முழங்கால் வலியோடு வருகிற பெரியவர் ஒரு நாளில் ஓர் இடம்தான் பார்ப்பார் என்றால், அவருக்குத் தனி டிக்கெட்டே மலிவு. அவரவர் நிஜமாகவே போகப் போகும் இடங்களின் தனிக் கட்டணத்தைக் கூட்டி, அது பாஸ் விலையைத் தாண்டினால் மட்டும் வாங்குங்கள். குழுவின் சராசரியை எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். ஐஃபில் கோபுரமும் ஓபரா கார்னியே அரங்கமும் மெட்ரோ பயணமும் இந்தப் பாஸில் இல்லை என்பதையும் கணக்கில் சேருங்கள். வேறு ஊர்களிலும் இதே கவனம் தேவை: ரோம் நகரின் ரோமா பாஸில் பேருந்தும் மெட்ரோவும் உண்டு, வத்திக்கான் மியூசியம் கிடையாது.

வழிகாட்டி கூடவே பேசி விளக்கிக்கொண்டு வருகிறார் என்றால் விதி மாறுகிறது. லூவரில் அப்படி ஏழு பேர் அல்லது அதற்கு மேல் வந்தால் குழுவாகக் கருதுவார்கள். தனித்தனிப் பாஸும் தனித்தனி நேரமும் போதாது, குழு முன்பதிவு வேண்டும்.

பாதுகாப்புச் சோதனை வரிசையைப் பாஸ் தாண்ட வைக்காது. சேன்ட் ஷப்பெல் நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் அங்கே சோதனை கூடுதலாக இருக்கும். கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடிப் பாட்டில் எதையும் விடமாட்டார்கள். ஒருவர் பையில் பழம் வெட்டும் கத்தி இருந்தால் போதும், எல்லோருடைய முன்பதிவு நேரமும் அங்கேயே கரைந்துவிடும். முந்தைய இரவே பைகளைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு பாஸுக்கு ஓர் இடத்தில் ஒருமுறைதான் நுழைவு. லூவரில் சாப்பிட வெளியே வந்தவருக்கு அதே பாஸ் மறுபடி வேலை செய்யாது. சாப்பிட்டுவிட்டு உள்ளே போங்கள். எல்லோரும் சேரும் இடத்தையும் டிக்கெட் சோதனையைத் தாண்டி, உள்பக்கமாகவே குறித்துக்கொள்ளுங்கள்.